ஞாயிறு விடுப்புக்கு மூன்று காரணங்கள்

எங்கள் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலைக்கு வராமல் இருக்க மூன்று காரணங்கள்தான் உண்டு. சர்ச், பரீட்சை, பிரசவம். எக்செல் தாளில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. கட்டத்தின் ஓரத்தில் உள்ள அம்புக்குறியைத் தட்டினால் இந்த மூன்று சொற்களும் கீழே விரியும். நான்காவதாக எதையாவது தட்டச்சு செய்தால் கணினி 'டங்' என்று ஒரு சத்தம் எழுப்பி, நீங்கள் கொடுத்தது செல்லாது என்று ஆங்கிலத்தில் சொல்லும். ஒரு மனிதருடைய மண்டைக்குள் என்னென்ன இல்லை என்பதை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் இன்னொரு பொருளை நான் பார்த்ததில்லை.

அந்த மனிதர் எங்கள் முதலாளியின் மருமகன். கடையில் அவரை எல்லோரும் 'மாப்ள சார்' என்றுதான் சொல்வார்கள், அவர் காதுபடவே. கோயம்புத்தூர்க்காரர். பெங்களூரில் ஏதோ ஒரு நிறுவனத்தில் இருந்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு மாமனாரின் வியாபாரத்தை முன்னுக்குக் கொண்டுவர தேனிக்கு வந்தவர். வியாபாரம் அதற்கு முன்பே முன்னுக்கு வந்துதான் இருந்தது. மூன்று மாடி. கீழே மளிகை, நடுவில் பாத்திரமும் பிளாஸ்டிக்கும், மேலே துணி. போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்த புராட்டஸ்டன்ட் குடும்பம் அது. காலையில் ஷட்டரைத் திறக்கும் முன் முதலாளி தலைகுனிந்து ஒரு ஜெபம் சொல்வார். யாரையும் கூடச் சொல்லச் சொன்னதில்லை. கணினியைத் தொட்டதும் இல்லை. மாப்பிள்ளை தொட்டதே போதும் என்று நினைத்திருக்கலாம்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது, வேலை பார்த்த பத்திரிகை மாவட்டப் பக்கங்களைக் குறைத்தபோது. தள்ளுபடி அறிவிப்பு எழுதுவது, துண்டுப் பிரசுரத்தில் பிழை திருத்துவது என்று சொல்லித்தான் வேலைக்கு எடுத்தார்கள். தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்வேன் என்று தெரிந்ததும் ஷிஃப்ட் ஷீட்டும் என் மேசைக்கு வந்துவிட்டது. யார் எந்த நாள், காலையா மாலையா, எந்த மாடி என்று வாராவாரம் போட வேண்டும். வடிவமும் விதிகளும் மாப்ள சாருடையவை. விரல்கள் மட்டும் என்னுடையவை.

கடை ஆட்களில் பாதிக்கு மேல் பார்ட் டைம். சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து வருகிற பெண்கள், கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள், குடோனில் மூட்டை தூக்கும் சில ஆண்கள். பாதி நேரம் வேலை, மீதி நேரம் அழைப்புக்காகக் காத்திருப்பு. காத்திருப்புக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் போனை எடுக்கவில்லை என்றால் திட்டு உண்டு.

ஷீட் வருவதற்கு முன்னால் மளிகைப் பிரிவு சூப்பர்வைசர் வெள்ளைப் பலகையில் எழுதிப் போடுவாராம். அது ஒன்றும் பொற்காலம் இல்லை. அவருக்கு முருங்கைக்காயும் பச்சை நிலக்கடலையும் கொண்டுவந்து கொடுத்தவர்களுக்கு மாலை ஷிஃப்ட் வராது, அவ்வளவுதான். ஒருத்தி இன்னொருத்திக்காக வந்து நின்றால் அவர் கண்டுகொள்வதில்லை. அவருடைய லஞ்சம் கூடைக்குள் அடங்கியது. மாப்ள சாரின் நேர்மைக்கு ஒரு கடையே போதவில்லை.

ஷீட்டின் முதல் சாதனை வேன். ஆட்களை ஏற்றிவர கடைக்கு இரண்டு வேன்கள் உண்டு. டீசல் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று மாப்ள சார் ஊர் வாரியாக ஆட்களைப் பிரித்தார். தேவதானப்பட்டிப் பக்கத்து ஆட்கள் மொத்தமும் ஒரே ஷிஃப்ட், சின்னமனூர்ப் பக்கம் ஒரு ஷிஃப்ட், மயிலாடும்பாறைப் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம். திரையில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரே ஊரிலிருந்து ஒரே வேனில் வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் என்ன ஆவார்கள் என்று அவர் கேட்கவில்லை. இந்த மாவட்டத்தில் பிறந்த யாரும் கேட்கவும் வேண்டியதில்லை.

ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்த ஒரு நாள் காலை வேன் வரவில்லை. பில் போடும் கவுண்டர்கள் ஐந்திலும் ஆள் இல்லை. வாசலில் கூட்டம். மாப்ள சார் டிரைவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

"எங்க இருக்கீங்க?"

"தேவானப்பட்டிலதான் சார். ஒரு பெரியவரு எறந்துட்டாக. எல்லாரும் எழவு வீட்லதான் கெடக்காக."

"எல்லாருமா? பதினோரு பேருமா?"

"பங்காளிக சார். தீட்டுல்ல. எப்பிடி வருவாக?"

"சரி, நீங்க வேனையாவது எடுத்துட்டு வாங்க. வேற ஆளுங்கள ஏத்தணும்."

பின்னால் பறைச் சத்தம் கேட்டது. "நானும் பங்காளிதான் சார்" என்றார் டிரைவர்.

வேறு ஒருவராக இருந்தால் ஆட்களைக் கலைத்துப் போட்டிருப்பார். மாப்ள சார் ஷீட்டில் ஒரு கட்டம் கூட்டினார். 'உறவு' என்று பெயர். யாருக்கு யார் என்ன முறை என்று எல்லோரும் எழுதிக் கொடுக்க வேண்டும். நெருங்கிய உறவு செத்தால் மட்டும் விடுப்பு. பெண்கள் சிரத்தையாக எழுதிக் கொடுத்தார்கள். எல்லோரும் எல்லோருக்கும் சித்தி, அத்தை, மதினி. அதை உள்ளிட்டு முடித்தபோது, அந்த வட்டாரத்தில் யார் செத்தாலும் அத்தனை பேருக்கும் விடுப்பு உண்டு என்று ஷீட் சொன்னது. கட்டத்தை அழித்துவிட்டு வேறு விதி போட்டார். எந்த விடுப்பாக இருந்தாலும் இரண்டு நாள் முன்கூட்டியே சொல்ல வேண்டும், துக்கம் உள்பட. சூப்பர்வைசர் அதைக் காலைக் கூட்டத்தில் வாசித்தார். யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் அனுமதி வாங்க வேண்டுமோ என்று நினைத்திருப்பார்கள்.

அதற்கு அடுத்துத்தான் ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் வந்தது. ஞாயிறு எங்களுக்குப் பெரிய வியாபாரம். அன்று யாருக்கும் விடுப்பு இல்லை என்பது பொது விதி. சர்ச்சுக்குப் போகிற ஆட்கள் ஆராதனை முடிந்து மதியத்துக்கு மேல் வரலாம் என்பது முதலாளி பல வருடமாகக் கொடுத்துவந்த சலுகை. அது முதல் காரணம். கல்லூரிப் பிள்ளைகளுக்காகப் பரீட்சை. பிரசவத்தை மாப்ள சார் தானாகவே சேர்த்தார். பெண்கள் வேலை பார்க்கும் இடத்தில் அது ஒரு முற்போக்கான ஏற்பாடு என்று என்னிடம் சொன்னார். ஞாயிறு காலையில் மட்டும் பிரசவம் ஆகிறவர்களுக்கு அது நிச்சயம் உதவும். கூடவே இன்னொன்றும் செய்தார். ஒருத்திக்குப் பதில் இன்னொருத்தி நிற்பதை நிறுத்தினார். கட்டங்களைப் பூட்டிவிட்டார்.

பூட்டிய மறுநாள் மளிகை பில் கவுண்டரிலிருந்து ஒருத்தி என் மேசைக்கு வந்தாள்.

சொந்த ஊர் மயிலாடும்பாறை. ஓடைப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் வீட்டுக்குத் திராட்சைப் பந்தல் இருந்தது. பிரிந்து அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஏன் பிரிந்தாள் என்று நான் கேட்கவில்லை. கடையில் மற்ற எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஒரு மகள். ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம் இருக்கிறது என்ற காரணத்தைக் காட்டி, பிள்ளை புருஷன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று இரண்டு தரப்புப் பெரிய மனிதர்களும் சின்னமனூரில் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனார் பிள்ளையைத் தேனி பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிவருவார். மத்தியானச் சாப்பாடு வரை அம்மாவோடு. அம்மா சேர்ந்தாற்போல் சில வாரம் வராமல் போனால் அவளுக்குப் பிள்ளை வேண்டாம் என்று அர்த்தம். எழுத்தில் எதுவும் இல்லை. எழுத்தில் இல்லாததால் மீறுகிறவர் யார் என்பதைப் பின்னால் வசதிப்படி முடிவு செய்துகொள்ளலாம்.

அதுவரை அவள் ஆள் மாற்றி ஓட்டியிருந்தாள். ஞாயிறு காலை தனக்காக நிற்கிறவளுக்குப் பண்டிகை நாட்களில் இவள் நிற்பாள். இப்போது அது முடியாது.

"மேடம், எனக்கு ஞாயித்துக்கெழம காலம்பற மட்டும் வேணும். மத்த நாளு எப்பப் போட்டாலும் வாரேன். தீவாளிக்கு மொத நாளு ராத்திரி வரைக்கும் நிக்கிறேன். பொங்கலுக்கும் வாரேன்."

நான் அவள் பெயருக்கு நேரே 'மகளைப் பார்க்க' என்று தட்டினேன். டங்.

சத்தம் கேட்டு மாப்ள சார் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "அது எடுக்காது மேடம். வேலிடேஷன் போட்டிருக்கேன்."

"இன்னொரு காரணம் சேர்த்துவிடலாமே" என்றேன்.

"நாலாவது சேர்த்தா அஞ்சாவது கேப்பாங்க. ரிப்போர்ட் கெட்டுப்போகும். மூணுல ஒண்ண செலக்ட் பண்ணச் சொல்லுங்க. சிஸ்டம் ஏத்துக்கிட்டா எனக்கு ஓகே."

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள். "பரீச்ச எழுதுற வயசு போயிருச்சு. பிரசவத்துக்கு ஆளு வேணும் சார். நானே தனியாத்தான கெடக்கேன்."

மாப்ள சாருக்கு அது சிரிக்க வேண்டிய இடம் என்று தெரியவில்லை. "அப்ப மீதி ஒண்ணுதான் இருக்கு" என்றார், கணக்குச் சொல்லிக்கொடுக்கும் குரலில். பரீட்சை என்றால் ஹால் டிக்கெட் காட்ட வேண்டும். பிரசவம் என்றால் டாக்டர் சீட்டு. சர்ச்சுக்கு எதுவும் காட்ட வேண்டியதில்லை. ஒருவரின் விசுவாசத்துக்கு ரசீது கேட்க முதலாளிக்குக் கூச்சம்.

"சாமி கோவிச்சுக்கிராதா மேடம்?" என்று என்னிடம் கேட்டாள்.

"எந்தச் சாமி?"

"ரெண்டுந்தான்."

மாப்ள சார் கடிகாரத்தைப் பார்த்தார். அவளே கையை நீட்டி அம்புக்குறியைத் தட்டினாள். 'சர்ச்' உட்கார்ந்தது. சத்தம் வரவில்லை. சிஸ்டம் ஏற்றுக்கொண்டது.

ஷீட்டை வாராவாரம் அச்செடுத்துப் படிக்கட்டில் ஒட்டுவோம். கடை வாட்ஸ்அப் குழுவிலும் போடுவோம். ஆக, அடுத்த திங்கட்கிழமையே வழி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பாத்திரப் பிரிவில் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு வருகிற ஒரு அம்மா சர்ச் போட்டார். ஞாயிறு காலையில் கிரிக்கெட் ஆடுகிற இரண்டு கல்லூரிப் பையன்கள் போட்டார்கள். சபரிமலைக்கு மாலை போட்டு, கறுப்பு வேட்டியும் தாடியுமாக மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஒரு குடோன் ஆளும் போட்டார். "ஏலே, நீ சாமியா, பாஸ்டரா? ஒண்ணு சொல்லு" என்று டிரைவர் கேட்டதற்கு, "சாமி எங்கன இருந்தாலும் சாமிதான், நீ வண்டிய எடு" என்று பதில் வந்தது. மாப்ள சாரின் மாதாந்திர அறிக்கையில் ஞாயிறு விடுப்புகள் அத்தனையும் உரிய காரணத்தோடு இருந்தன. காரணம் எழுதாத கட்டம் ஒன்றுகூட இல்லை என்று மாமனாரிடம் காட்டினார். தேனியில் இத்தனை வேகமாக ஒரு சபை வளர்ந்ததை யாரும் கேள்விப்பட்டிருக்க முடியாது. முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நல்லது மாப்பிள்ள" என்றார்.

அவளுக்கு ஞாயிறுகள் கிடைத்தன. திங்கட்கிழமை வந்ததும் மகள் என்ன சாப்பிட்டாள், என்ன கேட்டாள் என்று பில் போட்டுக்கொண்டே சொல்லுவாள். கேட்பவர்களுக்குச் சலித்துப்போகும் அளவுக்குச் சொல்லுவாள்.

துணிப் பிரிவில் சேலை மடிக்கிற ஒரு பெண் ஓடைப்பட்டிக்காரி. இவள் புருஷனுக்குச் சித்தப்பா மகள். இவளை 'மதினி' என்றுதான் கூப்பிடுவாள். இருவரும் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றாகச் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் தன் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து என்று ஒரு ஞாயிறு விடுப்புக் கேட்டாள். அதற்குள் மாப்ள சாருக்கு எண்ணிக்கை கூடுவது மட்டும் கண்ணில் பட்டிருந்தது. இனிப் புதிதாக யாருக்கும் சர்ச் கிடையாது என்று கட்டத்தை மூடியிருந்தார். காதுகுத்துக்குப் போக முடியவில்லை. மதினிக்கு மட்டும் வாராவாரம் ஞாயிறு. அந்தப் பெண் படிக்கட்டில் நின்று, ஒட்டியிருந்த ஷீட்டைப் போனில் படம் பிடித்தாள். அவள் படம் பிடித்ததை நான் பார்த்தேன். தன் ஷிஃப்டைத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த வாரம் ஞாயிறு, பஸ் ஸ்டாண்டுக்குப் பிள்ளை வரவில்லை. இவள் சின்னமனூர் பஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பிறகு மாமனாருக்குப் போன் போட்டிருக்கிறாள். அவர் சொன்னதை மதியம் கடைக்கு வந்து, பில் கவுண்டரில் வைத்தே, அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்.

"'நீதான் வேதத்துல சேந்து சர்ச்சுக்குப் போறியாம்ல ஆத்தா. ஒங்க கடையிலயே எழுதி ஒட்டிருக்காகளாம்ல. எங்க கொலசாமி வீட்டுப் புள்ளைய ஒங்கூட எப்பிடி அனுப்ப முடியும்'ங்கிறாரு. நான் கவுண்டர்ல நின்னு அரிசி மூட்டைக்குப் பில்லுப் போடுறேன், எனக்கே தெரியாம எப்பச் சேந்தேன்னு தெரியல."

மாமனாரைப் பற்றி நான் பிறகு விசாரித்தேன். பத்திரிகைப் பழக்கம். குலசாமி கோயிலுக்கு அவர் போவது கிடா வெட்டும் அன்று மட்டும்தான். திராட்சை வாங்க வருகிற வியாபாரி எந்தச் சாமியைக் கும்பிடுகிறான் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை, விலையைத்தான் கேட்பார். வாராவாரம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வருவது அவருக்கு அலுத்துப்போயிருந்தது. நிறுத்த ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் ஷீட் அதை வண்ணத்தில் அச்சடித்துக் கொடுத்தது.

அவள் அன்றே மாடியேறி வந்தாள். "அந்த வார்த்தைய மட்டும் அழிச்சிருங்க சார்."

"மாசம் க்ளோஸ் ஆகல. லாக்ல இருக்கு" என்றார் மாப்ள சார்.

"ஒரு வார்த்தைய அழிக்க ஒரு மாசமா?"

"அழிச்சா இதுவரைக்கும் நீங்க வராத சண்டே எல்லாம் ஆப்சென்ட் ஆயிடும். சம்பளம் கட் ஆகும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் தன் ஆயுளில் பொய் சொன்னதே இல்லை என்று நினைக்கிறேன். அதற்குத் தேவையான கற்பனை அவரிடம் இல்லை.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் அவளுடைய மாமனார் வந்துவிட்டார். கூட இரண்டு பெரிய மனிதர்கள். சின்னமனூரில் பேசி முடித்தவர்கள். அயர்ன் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைகள். ஷீட்டைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். முதலாளி அன்று மாடியில் இருந்தார். கவுண்டரிலிருந்து அவளையும் கூப்பிட்டு விட்டார்கள். சின்ன அறை. என் திரையைச் சுற்றி ஆறேழு பேர். மாமனார் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, மருமகள் பெயரைத் தேடிப் பிடித்து, அதற்கு நேரே இருந்த சொல்லின் மேல் விரலை அழுத்தினார்.

"இந்தா இருக்குல்ல."

முதலாளிக்கு அப்போதுதான் விஷயமே தெரியவந்தது. அவர் மற்ற பெயர்களையும் வாசித்துக்கொண்டே போனார். குங்குமம் வைத்த அம்மா. கிரிக்கெட் பையன்கள். மாலை போட்ட சாமி. அவர் காது மடல் சிவந்தது.

"இது நம்ம சபை ஆளுக ஆராதனைக்குப் போக நான் விட்ட நேரம். இதுல யார் யாரையோ போட்ருக்கு?"

"செலக்ட் பண்றது ஸ்டாஃப்தான் மாமா" என்றார் மாப்ள சார்.

"நீங்கதான் மூணுல ஒண்ண செலக்ட் பண்ணச் சொன்னீங்க. நான் பக்கத்துல இருந்தேன்" என்றேன்.

"நான் ஜெனரலா சொன்னேன்."

"சரி மேடம், விடுங்க" என்றார் முதலாளி. விட வேண்டியது எதை என்று அவர் சொல்லவில்லை. அவளைப் பார்த்து, "நீ சொல்லும்மா. சபைக்குப் போறியா, இல்லையா?" என்று கேட்டார்.

மாமனார் நாற்காலியின் நுனிக்கு வந்தார். பெரிய மனிதர்கள் இருவரும் நியாயம் கேட்கிற முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். போகிறேன் என்றால் மகள் இல்லை. இல்லை என்றால் ஞாயிறு இல்லை. இதை அந்த அறையில் இருந்த எல்லோரும் அறிவார்கள். ஒருவரும் அதைச் சொல்லவில்லை. எனக்கு அப்போது தோன்றியது, இந்த மனிதர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக வீட்டில் நல்லவர்களாக இருக்கக்கூடும் என்பதுதான். அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

"இல்ல மொதலாளி" என்றாள். "நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். எம்மகளப் பாக்க."

முதலாளி மனம் புண்பட்டுவிட்டது. உண்மையாகவே புண்பட்டது. அதில் நடிப்பு இல்லை. "கர்த்தர் பேரச் சொல்லிட்டு பஸ் ஸ்டாண்டுக்கா?" என்றார்.

மாமனாருக்கு ஒரே திருப்தி. எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். "அப்பச் சரி. நம்ம புள்ளதான். ஊருல ஏதேதோ சொன்னாக, அதான் வந்து கேட்டுக்கிட்டோம். வார ஞாயித்துக்கெழம கூட்டியாரேன்."

"இனி ஞாயித்துக்கெழம இந்தப் பொண்ணுக்கு லீவு கெடையாது" என்றார் முதலாளி. "சபை ஆளுகளும் பாஸ்டர் கையெழுத்து வாங்கிட்டு வரட்டும்."

"அது ஒங்க கடை விசயம். அதுல நாங்க தலையிடப்படாது" என்றார் ஒரு பெரிய மனிதர். அன்று அவர் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். அதற்காகத்தான் சின்னமனூரிலிருந்து சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

அவள் அழவில்லை. கெஞ்சவும் இல்லை. "கூட்டியாங்க மாமா, நான் வந்துருவேன்" என்றாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தலைவழியாகக் கழற்றி என் மேசையில் வைத்தாள். கொண்டையில் சிக்கிய நாடாவை விடுவிக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கீழே போய், டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பெரிய மனிதர்கள் உடனே போகவில்லை. வந்ததே வந்தோம் என்று கீழே சர்க்கரை, சோப்பு, ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினார்கள். ஸ்டாஃபுக்கு வேண்டியவர்கள் என்று சொல்லித் தள்ளுபடி கேட்டார்கள். எந்த ஸ்டாஃப் என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டதற்கு மாமனார் மேலே கையைக் காட்டினார். துணிப் பிரிவில் சேலை மடித்துக்கொண்டிருந்தவளைச் சொன்னார் என்று எடுத்துக்கொள்வோம்.

மாப்ள சார் மறுநாள் நாற்காலியை இழுத்துப்போட்டு என் அருகில் உட்கார்ந்தார். வருத்தம் தெரிவிக்கப் போகிறார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். வேலையை விட்டுப் போனவர்களின் வரிசையைச் சாம்பல் நிறத்துக்கு மாற்ற ஒரு சூத்திரம் எழுதியிருந்தார். அதைக் காட்டினார். அவள் பெயரைத்தான் சோதனைக்கு எடுத்துக்கொண்டிருந்தார். வேலை செய்தது. சர்ச் கட்டத்துக்குப் பாஸ்டர் கையெழுத்து வேண்டும் என்று ஆகிவிட்டதால், மாலை போட்ட குடோன் ஆள் பரீட்சைக்கு மாறினார். மகனுடைய ஹால் டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார். மாப்ள சார் அதைக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். படத்தில் மீசை இல்லாததைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அவள் போடியில் ஒரு சித்தி வீட்டில் தங்கி, மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகிறாள் என்று டிரைவர் சொன்னார். விடியும் முன் ஜீப். பத்துப் பேர் உட்காரும் ஜீப்பில் இருபது பேர். மழை, அட்டைக்கடி, நாள் முழுக்கக் குனிந்தே நிற்கும் வேலை. மலையேறிப் போவதை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். பில் கவுண்டரில் மின்விசிறிக்குக் கீழே நின்றவள் அட்டைக்கடிக்கு உப்பு வைத்துக்கொண்டு போவது முன்னேற்றம் இல்லை. ஆனால் தோட்டத்தில் ஞாயிறு லீவு. எல்லோருக்கும் லீவு. ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

மாமனார் சொன்னபடி பிள்ளையைக் கூட்டிவருகிறார். ஆனால் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. முன்பெல்லாம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவர், இப்போது உட்காருவதில்லை. மருமகள் பேத்தியை எந்தக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறாள் என்று பார்க்கப் பின்னாலேயே நடக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் கடைக்குப் போகும் நேரத்தில் அந்த ஊர்வலத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முன்னால் தாயும் மகளும். பத்தடி பின்னால் அவர், கையில் செருப்பை மாட்டிக்கொண்டு. புதுச் செருப்பு கடிக்கிறது போலிருக்கிறது. அவர் எங்காவது கடை நிழலில் ஒதுங்கினால் முன்னால் போகிறவள் நடையைக் கூட்டுவாள். அவர் நெருங்கி வந்தால் வளையல் கடையில் நின்றுவிடுவாள். பழக்கடைச் சந்துக்குள் நுழைந்து, பூக்கடை வழியாக வெளியே வந்து, மறுபடியும் அதே சந்துக்குள் நுழைவாள்.

ஒரு நாள் நேருக்கு நேர் வந்துவிட்டாள். கை விரல்களில் ஏலச்செடியின் கறை. முகம் கறுத்திருந்தது. பிள்ளை கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கீகளா மேடம்? மாப்ள சாரு நல்லாருக்காகளா?"

"அவருக்கு என்ன" என்றேன். பின்னால் வெயிலில் நின்று துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்தேன்.

"எங்க மாமாவுக்குத் தேனியில சர்ச்சு எங்கன இருக்குன்னு தெரியாது மேடம்" என்றாள், குரலைத் தாழ்த்தாமல். "அதான் எல்லாத் தெருவுக்கும் கூடவே வாராக."

பிள்ளை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தாத்தாவுக்குக் காலு வலிக்குதாம்மா" என்றாள்.

"வலிக்குமா இல்லியா பின்ன" என்று அவள் மகளின் வாயைத் துடைத்துவிட்டாள். "வா, இன்னும் ரெண்டு தெரு பாக்கி இருக்கு."